டைனோ எண்ணும் தோவாளை வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகும் வழியில், தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை ஷெட். அங்கே கார்களை டைனமோமீட்டரின் (சுருக்கமாக டைனோ) உருளைகள்மேல் ஏற்றி, சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் (எச்.பி.) வந்து சேர்கிறது என்று அளந்து கொடுப்பது என் தொழில். ஓர் ஓட்டத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. "காலையில் வந்த எண் மதியம் ஏன் வரவில்லை?" என்பதை விளக்கத்தான் ஒரு மணி நேரம் போகிறது. அந்த நேரத்தை மிச்சப்படுத்தவே இதை எழுதி வைக்கிறேன்.

காலையில் 99 எச்.பி. காட்டிய கார் மதியம் 96 காட்டுகிறது. இடையில் வண்டியை ஏதாவது செய்துவிட்டீர்களா?

வண்டியை யாரும் தொடவில்லை. மாறியது காற்று.

என்ஜின் பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்கிறோம். ஆனால் ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய மட்டும் பீய்ச்சலாம். காற்றை என்ஜினே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். 1500 சி.சி. என்ஜினின் கொள்ளளவு காலையிலும் மதியமும் ஒன்றுதான். அதற்குள் அடங்கும் காற்றின் எடை மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்று 15 டிகிரியில் 1.225 கிலோ இருக்கும். 35 டிகிரியில் 1.146 கிலோதான். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு ஏற்றபடி சொன்னால், நெல் அளக்கும் மரக்கால் அதே மரக்கால்தான்; உள்ளே விழுவதில் பதர் கூடிவிட்டது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். காலையில் 24 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம், காற்றழுத்தம் 1010 மில்லிபார் என்று வையுங்கள். மதியம் 34 டிகிரி, 60 சதவீதம், 1008 மில்லிபார். தரநிலைக் காற்றில், அதாவது ஒப்பிடுவதற்காக வெப்பமும் அழுத்தமும் குறித்து வைத்த காற்றில், சரியாக 100 எச்.பி. தரும் கார் முதல் நிலையில் 99.5 காட்டும்; இரண்டாம் நிலையில் 96.6 காட்டும். அந்த 3 எச்.பி. எங்கும் தொலைந்துபோகவில்லை. நாளைக் காலை வந்தால் திரும்பக் கிடைக்கும்.

அப்படியானால் 10 டிகிரிக்கு எவ்வளவு குறையும்?

பெட்ரோல் என்ஜினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாவிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 2.

24 டிகிரியிலிருந்து 34க்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி 3 சதவீதத்துக்கும் மேல் குறைகிறதே, பவர் மட்டும் ஏன் இரண்டு சதவீதத்தோடு நிற்கிறது என்று ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. காற்று நேராகச் சிலிண்டருக்குள் குதிப்பதில்லை. காற்று உள்ளே போகும் இன்டேக் குழாய், வால்வின் முதுகு, சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் போகிறது. அவை சூடாக இருக்கின்றன. குளிர்ந்த காற்று அந்தச் சூட்டை அதிகமாக வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே சூடான காற்று குறைவாக வாங்கும். வெளியே 10 டிகிரி இருந்த வித்தியாசம் உள்ளே போய்ச் சேரும்போது சுருங்கிவிடுகிறது. அதனால்தான் திருத்தக் கணக்குகளில் வெப்பநிலையை அப்படியே போடாமல் அதன் வர்க்கமூலத்தைப் போடுகிறார்கள்.

தாளில் 'திருத்த எண் 1.035' என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் எடுத்த எண்களை ஒரே தட்டில் வைத்துப் பார்க்கச் செய்த ஏற்பாடு. இந்தக் காற்றில் இவ்வளவு வந்தது, குறிப்பிட்ட ஒரு தரநிலைக் காற்றில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. நான் பயன்படுத்துவது எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 தரநிலை. அதன் தரநிலைக் காற்று 25 டிகிரி, உலர்ந்த காற்றின் அழுத்தம் 990 மில்லிபார்.

கணக்கு இப்படி: 990ஐ அன்றைய உலர்ந்த காற்றழுத்தத்தால் (மொத்த அழுத்தத்தில் நீராவியின் பங்கைக் கழித்தது) வகுக்க வேண்டும். அன்றைய வெப்பநிலையோடு 273ஐக் கூட்டி, 298ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, அதை 1.18ஆல் பெருக்கி, கடைசியில் 0.18ஐக் கழிக்க வேண்டும். வரும் எண்ணால் அளந்த பவரைப் பெருக்கினால் திருத்திய பவர்.

1.18, 0.18 என்பவை எங்கிருந்து வந்தன என்று பலரும் விழிப்பார்கள். என்ஜினுக்குள் உண்டாகும் பவரில் 15 சதவீதம் உள்ளுராய்விலேயே கரைந்துவிடுகிறது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. பிஸ்டன் உராய்வதற்கு வெயிலும் மழையும் ஒன்றுதான். ஆகவே காற்றின் திருத்தம் உராய்வில் போகும் பங்குக்குப் பொருந்தாது; அதைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

வேறோர் ஊரில் இதே காருக்கு 104 கொடுத்தார்கள். நீங்கள் 100தான் என்கிறீர்கள்.

அவர்கள் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'எஸ்.டி.டி.' என்று இருக்கிறதா பாருங்கள். அது பழைய தரநிலை: 15.5 டிகிரி, 1013 மில்லிபார் உலர்ந்த காற்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு 15 டிகிரி என்பது கதைகளில் வரும் குளிர். அப்படிப்பட்ட காற்றை அளவுகோலாக வைத்தால் எண் தானாகவே 4 சதவீதம் கூடும். மென்பொருளில் ஒரே ஒரு பொத்தான்தான். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எந்தத் தரநிலை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தவறே இல்லை. சொல்லாமல் விடுவதுதான் தவறு.

ஆடிச் சாரலில் காற்றெல்லாம் ஒரே ஈரம். மழை நேரத்தில் பவர் இன்னும் குறையாதா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன்.

நீராவியில் எரிவதற்கு உதவும் ஆக்சிஜன் இல்லை. அது காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதுவரை சரி. ஆனால் செய்தியில் சொல்லும் ஈரப்பதச் சதவீதம் நீராவியின் அளவைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. சூடான காற்று அதிகம் தாங்கும். 33 டிகிரியில், 65 சதவீத ஈரப்பதத்தில், நீராவியின் பங்கு ஏறத்தாழ 33 மில்லிபார். சாரல் அடித்து 26 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு ஏறினாலும் நீராவி 30 மில்லிபார்தான். ஈரம் ஏறியதுபோல் தோன்றுகிறது, நீராவி குறைந்திருக்கிறது. கூடவே காற்றும் குளிர்ந்துவிட்டது. ஆகவே மழைக்குப் பிறகு என்ஜின் ஒன்றரை சதவீதத்துக்கும் சற்று மேலாகவே கொடுக்கும். சாரலில் மலைப்பாதை ஏறும்போது வண்டி சுறுசுறுப்பாக இருப்பதாகத் தோன்றினால் அது வெறும் மனமயக்கம் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்டு முழுக்க 25 முதல் 33 மில்லிபார் வரை நீராவிக்கு வரி கட்டுகிறோம். உலர்ந்த ஊர்க்காரர்கள் ஈரப்பதத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நமக்கு அது 3 எச்.பி.

வெப்பநிலையை எங்கே அளக்கிறீர்கள்?

இப்போது காரின் காற்றுவாய்க்கு ஒரு முழம் தள்ளி, நிழலில். இதற்கு முன் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொழில் தொடங்கிய புதிதில், வெப்பநிலை உணரியைக் கைபடாமல் இருக்கட்டும் என்று கூரைக்குக் கீழே சுவரில் அடித்து வைத்திருந்தேன். ஒருநாள் காலை ஒருவர் காரைக் கொண்டுவந்தார். திருத்திய எண் 95. காற்று வடிகட்டியை மாற்றி, விலை கூடிய ஒன்றைப் பொருத்தினோம். மதியம் மறுபடி ஏற்றினோம். அளந்த எண் 92, திருத்திய எண் 97.2. இரண்டு எச்.பி. கூடிவிட்டது என்று அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பல்பு மாற்ற ஏணியில் ஏறியபோது தலைக்கு மேல் தகரம் அனலாக வீசியது. உணரி அதற்கு ஒரு முழம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அது காட்டியது 45 டிகிரி. கீழே கார் நிற்கும் இடத்தில் வேறொரு தெர்மாமீட்டரை வைத்தேன்: 33. அன்றைய ஓட்டத்தை 33 போட்டுத் திரும்பக் கணக்கிட்டேன். 92 எச்.பி. 95 ஆனது. காலையில் வந்த அதே 95. வடிகட்டி ஒன்றும் தரவில்லை. கொடுத்தது தகரக் கூரை.

அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "அண்ணாச்சி, வண்டி இப்போது நன்றாக இழுக்கிறதே!" என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றபோதுதான் நம்பினார்.

திருத்த எண் போட்ட பிறகும் மதிய ஓட்டம் குறைவாகவே இருக்கிறது. கணக்கு தவறா?

கணக்கு தவறில்லை. அதற்குத் தெரியாத சங்கதிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

திருத்த எண் பார்ப்பது வெளிக்காற்றின் வெப்பத்தை. என்ஜின் குடிப்பதோ பானெட்டுக்குள் இருக்கும் காற்றை. இரண்டும் ஒன்றல்ல. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். வெளியே 32 டிகிரி இருக்கும் நாளில், சாலையில் ஓடிவந்த கார் 36, 37 காட்டும். உருளைமேல் ஏற்றி, பட்டையால் இழுத்துக் கட்டி, பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் 50ஐத் தாண்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், என்ஜின் பிளாக் எல்லாம் சேர்ந்து இன்டேக் குழாயை வேகவைக்கின்றன. அலுமினியக் குழாயாக இருந்தால் இன்னும் மோசம்.

அங்கே இரண்டாவது அடி விழுகிறது. உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து என்ஜின் தட்டக்கூடும். அதனால் என்ஜினின் கம்ப்யூட்டர், காற்றின் வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். தட்டலைக் கேட்கும் உணரி சத்தம் கொடுத்தால் இன்னும் இழுக்கும். இப்படிப் போகும் பவர் காற்றின் எடையால் போனதல்ல, தீப்பொறி பிந்தி விழுவதால் போனது. எஸ்.ஏ.இ. கணக்கில் இதற்கு ஓர் இடமே கிடையாது. எந்தத் திருத்த எண்ணும் இதைத் திருப்பித் தராது.

மின்விசிறி இருக்கிறதே என்பீர்கள். என்னிடம் இருப்பது ஆள் உயரம். அதைப் போட்டாலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் முகத்தில் அடிக்கும் காற்றுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று முப்பந்தல் காற்றாலைகளை எல்லாம் சுற்றுகிறது. அதில் ஒரு கைப்பிடியை ஷெட்டுக்குள் திருப்பிவிட முடிந்தால் தேவலை. கதவுகளை அந்தத் திசை பார்த்து வைத்ததோடு சரி.

அதனால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, விசிறியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். இன்டேக் வெப்பம் முதல் ஓட்டத்தின்போது எந்த இடத்தில் இருந்ததோ அங்கே வந்த பிறகுதான் அடுத்தது. வாடிக்கையாளர் பொறுமையிழக்கும் கட்டம் இது. ஒரு சாயா குடித்துவிட்டு வரச் சொல்வேன்.

அப்படியானால் எல்லாமே குளிர்ந்திருந்தால் நல்லதுதானே? விடியற்காலையில் வந்து நேராக ஏற்றிவிடலாமா?

கூடாது. காற்று குளிர்ந்திருக்க வேண்டும். என்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் சூடாக இருக்க வேண்டும். மூக்கில் குளிர், வயிற்றில் சூடு. இரவெல்லாம் நின்ற காரின் கியர் ஆயில் தடித்துக் கிடக்கும், டயரும் இறுகியிருக்கும். முதல் ஓட்டத்தில் பவர் அங்கே போய்விடும். 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவந்த காராக இருந்தால் நல்லது.

டர்போ வண்டிக்கும் இதே கணக்கா?

போடுகிறார்கள். போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டர்போ காரின் கம்ப்யூட்டர் இன்டேக்கில் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று குறி வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. வெளியே அழுத்தம் சற்றுக் குறைந்தால் டர்போவை வேகமாகச் சுற்ற வைத்துக் குறியை எட்டிவிடும். இழப்பில் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டிவிட்ட பிறகு நாமும் தாளில் ஈடுகட்டினால் இரட்டைக் கூலி. அதே நேரம், அழுத்தும்போது காற்று சூடாகிறது. அதைத் தணிக்கும் இன்டர்கூலர் ஷெட்டில் நின்ற இடத்தில் சூடேறி, மூன்றாவது ஓட்டத்தில் கைவிடும். ஆகவே டர்போ பெட்ரோல் காருக்குத் திருத்தாத எண்ணை முதலில் எழுதி, இன்டேக் வெப்பத்தையும் பக்கத்தில் எழுதித் தருகிறேன்.

டீசல் இன்னொரு சாதி. அதில் பவரைத் தீர்மானிப்பது பீய்ச்சும் டீசலின் அளவு. காற்று பொதுவாகத் தேவைக்கு மேலேயே இருக்கும். வெயிலில் பவர் குறைவதற்கு முன் புகைதான் கூடும். ஐ.எஸ்.ஓ. 1585 என்ற சர்வதேசத் தரநிலையில் டீசலுக்கு வேறு சூத்திரமே கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் கணக்கை டீசலுக்குப் போட்டு, "வெயிலால் 4 எச்.பி. குறைந்தது" என்று யாராவது சொன்னால் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய கார்புரேட்டர் அம்பாசிடர்.

அதற்கு வெயில் இரண்டு விதத்தில் பகை. காற்றின் எடை குறைவதைக் கார்புரேட்டர் முழுதாக உணராது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கலவை கொழுத்துவிடும். அதோடு கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகத் தொடங்கினால் ஓட்டம் திக்கும். காலையில் கொண்டுவாருங்கள், வேறு வழியில்லை.

பானெட்டைத் திறந்து வைத்து அளக்கலாமா?

கூம்பு வடிவக் காற்று வடிகட்டி விற்பவர்கள் அப்படித்தான் அளப்பார்கள். பானெட் திறந்திருந்தால் அந்தக் கூம்புக்கு ஷெட்டின் காற்று கிடைக்கும், எண் ஏறும். சாலையில் பானெட் மூடியிருக்கும். அதே கூம்பு ரேடியேட்டரின் அனலைக் குடிக்கும். கார் கம்பெனி போட்ட வடிகட்டிப் பெட்டி பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதன் மூக்கு கிரில்லுக்குப் பின்னால், வெளிக்காற்றில் இருக்கிறது. சாலையில் ஓடுவதுபோல மூடி வைத்தே அளக்கிறேன்.

ஷெட்டுக்குள் எத்தனை டிகிரி வரை அளக்கலாம்?

ஐ.எஸ்.ஓ. 1585 பெட்ரோல் என்ஜினுக்கு 15 முதல் 35 டிகிரி வரை வைத்திருக்கிறது. திருத்த எண்ணும் 0.93க்கும் 1.07க்கும் நடுவில் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் மதியம் என் ஷெட்டுக்குள் 35ஐத் தாண்டுவது உண்டு. அப்போது நிறுத்திவிடுவேன். எக்ஸாஸ்ட் புகையை வெளியே இழுக்கும் குழாயும் ஓடியாக வேண்டும். புகை உள்ளேயே சுற்றினால் என்ஜின் தன் மூச்சையே திரும்ப இழுக்கும், பவர் இறங்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ஜினைவிட நமக்குக் கேடு.

ஊட்டியில் அளந்த தாளைக் கொண்டுவருபவர்களுக்கும் இதே பதில். 2240 மீட்டர் உயரத்தில் அழுத்தம் 770 மில்லிபார் அளவுக்கு இறங்கிவிடும். டர்போ இல்லாத என்ஜினில் கால் பங்கு பவர் போய்விடும். அவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்ப இந்தத் திருத்தக் கணக்கு செய்யப்படவில்லை.

கம்பெனி 113 எச்.பி. என்கிறது. உங்கள் திருத்திய எண்ணே 97தான்.

கம்பெனி என்ஜினின் ஃபிளைவீலில், அதாவது பவர் என்ஜினை விட்டு வெளியேறும் சக்கரத்தில், அளக்கிறது. நான் டயர்ச் சக்கரத்தில் அளக்கிறேன். நடுவில் கியர்பாக்ஸ், ஆக்ஸில், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். "15 சதவீதம் கூட்டிப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்குக் கால்குலேட்டரை நீட்டிவிடுவேன்.

எப்போது வரலாம்?

காலையில், தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் திரும்பும் நேரத்துக்கு வந்துவிடுங்கள். ஏதாவது மாற்றிப் பொருத்தி முன்னும் பின்னும் பார்ப்பதாக இருந்தால், இரண்டு அளவும் ஒரே காலையில், ஒரே கியரில், டயரில் ஒரே அழுத்தத்தோடு முடிய வேண்டும். மதியத்துக்குத் தள்ளினால் 3 எச்.பி. கூடியதா குறைந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மூன்று ஓட்டத்தில் எது அதிகமோ அதை மட்டும் எழுதித் தருவீர்களா?

மூன்றையும் எழுதுவேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளந்த எண், திருத்த எண், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், இன்டேக் வெப்பம். அதிகமானதை மட்டும் நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் தாளை மடித்துக்கொள்ளலாம். கத்தரிக்கோல் மேசைமேல்தான் இருக்கிறது, ஆனால் கேட்டால் தர மாட்டேன்.